எடைக்குப் போடாதீர்கள்!

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் வந்து போகும் அன்பர்கள், ஊர் திரும்பியதும் என்னென்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். ஒன்பது நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம் என்பார்கள். கோமதியம்மனின் தபசுக் காட்சியைக் கண்குளிரத் தரிசித்தோம் என்பார்கள். புற்றுமண்ணைப் பொட்டலமாகக் கட்டி எடுத்து வந்தோம் என்பார்கள். சாப்பாட்டுப் பிரியர்கள் வேறொன்றையும் சொல்லக்கூடும். அதை இங்கே பிரஸ்தாபிக்க வேண்டியதில்லை. ஆனால், "சங்கரன்கோவிலில் ஒரு கணினிப் பொருட்காட்சிசாலையைப் பார்த்தோம்" என்று சொன்னவர் இதுவரை ஒருவருமில்லை.

அப்படி ஒன்று இருக்கிறதா என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது. நாம் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் மேற்குக் கோடியில், பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள ஓர் அறைதான் அது. வாசலில் பலகை கிடையாது, டிக்கெட் கிடையாது, காவலாளியும் கிடையாது. பூட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று நம்மிடம் இருக்கிறது. மற்றொன்று பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் இருக்கிறது. அவன்தான் காரியதரிசி, வழிகாட்டி, ஒட்டடை அடிப்பவன் எல்லாம்.

இந்த வாரம் நேயர்களை அந்த அறைக்குள் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். தாமதமின்றி இந்த வாரமே அழைத்துச் செல்வதற்கு ஒரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்லுவோம்.

முதலில் நமது குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன்னால், உபயோகமற்ற சாமான்களைக் கழித்துவிடும்படி பள்ளிக்கூடத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. கால் ஒடிந்த பெஞ்சுகள், மூங்கில் தட்டிகள், துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றோடு, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக வந்த கம்ப்யூட்டரும் மூலையில் கிடந்தது. ஜாபிதா தயாரித்தவர் நாம். 'பயனற்றது' என்று அதன் எதிரே எழுதியவரும் நாமே. பழைய இரும்புக் கடைக்காரர் தராசு கொண்டுவந்தார். பெஞ்சின் இரும்புக் காலும் கம்ப்யூட்டரும் ஒரே தட்டில் ஏறின. இரும்பு விலைதான் இரண்டுக்கும். ரசீதைக் கோப்பில் சேர்த்தோம், விஷயத்தை மறந்தோம்.

பிற்பாடு ஒருநாள், கணினியின் தலைமுறைகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். முதல் தலைமுறையில் வெற்றிடக் குழாய்கள், இரண்டாவதில் டிரான்ஸிஸ்டர்கள், மூன்றாவதில் ஒருங்கிணைந்த சுற்றுகள் என்று கரும்பலகையில் எழுதினோம். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். அப்போது ஒரு பையன் எழுந்து நின்றான்.

"சார், நம்ம பள்ளிக்கூடத்துக்கு முதல்லே வந்த கம்ப்யூட்டர் இப்போ எங்கே இருக்கு, சார்?"

நியாயமான கேள்வி. மிகவும் மரியாதையாகவும் கேட்டான். நாம் பதில் சொல்லாமல், "உட்கார்" என்றோம். இருபது வருஷத்துக்குமேல் பாடம் சொல்லிக்கொடுத்துவரும் நமக்கு, அன்றுபோல் முகம் சுருங்கிய தினம் வேறில்லை. அந்தப் பையனிடத்தில்தான் இப்போது இரண்டாவது சாவி இருக்கிறது.

நிற்க. அறைக்குள் செல்வோம்.

வாசலுக்கு நேரே, பழைய ஆசிரியர் மேஜைமேல் இருப்பது கைப்பிடி வைத்த கணக்கு யந்திரம். ஸ்வீடன் தேசத்து ஃபாசிட் கம்பெனியின் தயாரிப்பு. ஓய்வுபெற்ற ஒரு கணக்கர் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். இதற்கு மின்சாரம் வேண்டாம். வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு 24 மணி, ஆக மொத்தம் எத்தனை மணி என்று அறிய வேண்டுமானால், 365 என்ற எண்ணைப் பதித்துக் கைப்பிடியை நான்கு முறை சுற்றவேண்டும். பிறகு ஓரிடம் தள்ளி இரண்டு முறை சுற்றவேண்டும். 8,760 என்று விடை வந்து நிற்கும். பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான் என்பதை நாம் வாயினால் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் இந்தக் கைப்பிடியை ஆறு முறை சுற்றியதும் அதைத் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

அதற்கு வலப்புறத்தில், ரப்பர் வளையம் போட்ட அட்டைக் கட்டு ஒன்று இருக்கிறது. ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கொடுத்தது. ஒவ்வோர் அட்டையிலும் எண்பது பத்திகள். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து அல்லது ஓர் இலக்கம். எழுத்துக்குத் தகுந்தபடி நீள்சதுரத் துளைகள். 1960-ஆம் வருஷங்களில் நம் தேசத்து ரயில்வேக்களில் சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் இத்தகைய அட்டைகளின் மூலமாகவே கணினிக்குள் சென்றன.

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இதன் அருமை புரிவதற்காக நமது காரியதரிசி ஒரு கணக்குப் போட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறான். கையிலுள்ள தொலைபேசியினால் எடுக்கும் ஒரு புகைப்படம் சுமார் 3 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அதை இந்த அட்டைகளில் துளையிட்டு வைக்கவேண்டுமானால் ஏறக்குறைய 39,000 அட்டைகள் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இருபத்து மூன்று அடி உயரம் வரும். நமது அறைக்கு அவ்வளவு உயரமில்லை. கூரையைப் பெயர்த்தாக வேண்டும்.

இந்த அட்டைக் கட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். நமது ஊர் கோவிலுக்கு மட்டுமல்ல, தறிக்கும் பேர்போன ஊர். சில தெருக்களில் நடந்தால் விசைத்தறியின் சத்தம் நம் பேச்சையே விழுங்கிவிடும். ஒரு சனிக்கிழமையன்று, நம் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேத்தியுடன் ஒரு முதியவர் அறைக்குள் வந்தார். வாலிபத்தில் காஞ்சீபுரம் சென்று பட்டுத்தறியில் வேலை பார்த்தவராம். மற்றவற்றையெல்லாம் மரியாதைக்காகப் பார்த்துக்கொண்டு வந்தவர், அட்டைக் கட்டைக் கண்டதும் நின்றுவிட்டார். ஒன்றை உருவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"வாத்தியாரையா, இது நம்ம ஜக்கார்டு அட்டைல்லா! கொஞ்சம் மெலிசா இருக்கு. துளை சதுரமா இருக்கு. ஆனா காரியம் ஒண்ணுதான்."

"எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"துளை இருந்தா ஊசி நுழையும், அந்தப் பாவு இழை மேலே எழும்பும். துளை இல்லேன்னா இழை படுத்துக்கிடும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. நெசவாளி மனசிலே அன்னமும் வேண்டாம், மயிலும் வேண்டாம். எல்லாம் அட்டையிலே இருக்கும். அட்டைக்கட்டை மாத்தினா, அதே தறியிலே வேறே பூ விழும்."

கணினி விஞ்ஞானத்தின் அஸ்திவாரமான விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக நாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஒரே யந்திரம், அதற்குக் கொடுக்கும் கட்டளை யந்திரத்துக்கு வெளியே இருக்கிறது, கட்டளையை மாற்றினால் வேலையும் மாறுகிறது. இதைத்தானே இன்று மென்பொருள் என்கிறோம்!

முதியவர் சொன்னதற்குச் சரித்திரத்தின் சாட்சியமும் உண்டு. பிரான்சு தேசத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804-இல் துளை அட்டைகளால் நடக்கும் தறியை அமைத்தார். 1830-ஆம் வருஷங்களில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தாம் கற்பனை செய்த பெரிய கணித யந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க அந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். அவருடைய ஆயுளில் அந்த யந்திரம் கட்டி முடியவில்லை. ஆனால் எண்ணம் பிழைத்தது. 1890-இல் அமெரிக்காவின் ஜனத்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைக்கொண்டு எண்ணினார். அதன் வழித்தோன்றல்தான் நமது ரயில்வே நண்பர் கொடுத்த அட்டை.

"அப்போ தறிதான் முதல் கம்ப்யூட்டரா, தாத்தா?" என்று பேத்தி கேட்டாள்.

தாத்தா நம்மைப் பார்த்தார். தறி கணக்குப் போடாது, அம்மா. ஆனால் கட்டளையை எழுதி வைக்கலாம் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தது தறிதான் என்று சொன்னோம். உள்ளதை உள்ளபடி சொன்னாலே அந்த முதியவருக்குப் போதுமான பெருமை இருந்தது.

அறையின் இடதுபுறத்தில் ஒரு பழைய டெலிவிஷன் பெட்டியோடு இணைத்து வைத்திருப்பது பி.பி.சி. மைக்ரோ என்ற கணினி. 1981-ஆம் வருஷக் கடைசியில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1984-இல் இந்திய அரசாங்கம் பள்ளிக்கூடங்களில் கணினிக் கல்வியைத் தொடங்கியபோது, ஏறக்குறைய 250 பள்ளிகளுக்கு முதலில் சென்றது இந்த யந்திரந்தான். பின்னர் பஞ்சாபில் மொஹாலியிலுள்ள ஸெமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ஸ்தாபனத்தார் இதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் நம் நாட்டிலும் செய்தார்கள். நம்மிடம் இருப்பது வெளியூர் நண்பர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்தது. முதல் நாள் ஸ்விட்சைப் போட்டதும் டெலிவிஷன் பெட்டி புகையைக் கக்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்! பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஒருவர் பழுதான மின்தேக்கியை மாற்றிக்கொடுத்தார். கூலி கேட்டதற்கு, "நானும் ஒரு தடவை தட்டிப் பார்க்கிறேனே, அது போதும்" என்று சொல்லிவிட்டார்.

இதன் ஞாபக சக்தி 32 கிலோபைட். இன்று சாதாரணத் தொலைபேசியிலுள்ள 8 கிகாபைட் ஞாபகத்தில், இதைப் போன்ற யந்திரங்கள் இரண்டரை லக்ஷத்துக்குமேல் அடங்கிவிடும். அப்படியானால் இதை எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பெற்றோர் நம்மைக் கேட்டார். நாம் அவருக்குப் பதில் சொல்லவில்லை; அவருடைய மகனை அதன் முன் உட்கார வைத்தோம்.

ஸ்விட்சைப் போட்டவுடன் 'பீப்' என்று ஒரு சத்தம். கறுத்த திரையில் இரண்டொரு வரிகள். அப்புறம் ஒரு சிறு குறி மட்டும் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. படம் இல்லை, பாட்டு இல்லை, விளம்பரமும் இல்லை. பையன் சிறிது நேரம் திரையை விரலால் தொட்டுப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை.

"இது என்ன செய்யும், சார்?" என்றான்.

"நீ என்ன சொல்கிறாயோ, அதைச் செய்யும்" என்றோம்.

காரியதரிசி அவனுக்கு இரண்டு வரி கற்றுக்கொடுத்தான். முதல் வரி, பெயரை எழுது என்பது. இரண்டாவது, முதல் வரிக்குத் திரும்பிப் போ என்பது. அடுத்த கணம் பையனுடைய பெயர் திரையில் மேலிருந்து கீழ்வரை நிரம்பி ஓடத் தொடங்கியது. அவன் முகத்தை நேயர்கள் பார்த்திருக்கவேண்டும்! தினமும் மணிக்கணக்கில் தொலைபேசியைத் தேய்க்கும் பையன்தான். அதில் யாரோ தயாரித்து வைத்ததைப் பார்த்தான். இங்கே தான் கட்டளையிட்டான். தந்தையார் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

புதிய யந்திரங்கள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 2011-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தமிழ்நாட்டு அரசாங்கம் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. எத்தனையோ ஏழை வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். அதில் ஒன்றும் நமது அலமாரியில் இருக்கிறது. அதைத் தந்த பெண் இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். "சார், இதிலேதான் காலேஜ் விண்ணப்பம் போட்டேன்" என்று அவள் எழுதிக்கொடுத்த சீட்டையும் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

இனி, சுவரைப் பார்க்கலாம். அறையில் நம்மைப் பெருமைப்பட வைப்பதும், வருந்த வைப்பதும் சுவரில் ஒட்டியுள்ள ஒரு புகைப்படந்தான். வரிசையாக நிற்கும் இரும்பு அலமாரிகள்போல் அதில் தெரிவது டிஃப்ராக் என்னும் யந்திரம். இந்தியாவிலேயே திட்டமிட்டு, இந்தியர் கைகளாலேயே கட்டப்பட்ட முதல் முழு மின்னணுக் கணினி.

1953-இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஸமரேந்திர குமார் மித்ரா சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒப்புமைக் கணினி ஒன்றைச் செய்திருந்தார். அதே கழகத்துக்கு அப்பத்தாண்டின் நடுவில் இங்கிலாந்திலிருந்து எண்முறைக் கணினி ஒன்று விலைக்கு வாங்கப்பட்டது. ஆனால் எண்முறைக் கணினியை நாமே கட்டிப் பார்ப்பது என்று துணிந்தது, பம்பாயில் ஹோமி பாபா தலைமை வகித்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். அந்த வேலைக்குத் தலைவராக இருந்தவர் ஆர். நரசிம்மன். 1926-இல் சென்னையில் பிறந்தவர். கிண்டி எஞ்சினீயரிங் காலேஜில் 1947-இல் பட்டம் பெற்றவர். அமெரிக்கா சென்று கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு 1954-இல் பம்பாய் நிலையத்தில் சேர்ந்தவர். அவரோடு வேலை செய்தவர்கள் இளைஞர்கள். கணினி கட்டிப் பழகியவர் அக்குழுவில் எவருமில்லை. நீந்தத் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்குவது என்று அவர்கள் காத்திருக்கவில்லை. முதலில் ஒரு சோதனை யந்திரத்தைச் செய்து பார்த்தார்கள். பிறகு பெரியதைத் தொடங்கினார்கள்.

1960-இல் அது வேலைக்கு வந்தது. பதினெட்டடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள எஃகுச் சட்டம். அதனுள் 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 டையோடுகள், 12,500 மின்தடைகள். பண்டித ஜவஹர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார்.

அதன் ஞாபகப் பகுதியைப் பற்றித் தறிக்காரப் பெரியவருக்கு நாம் விளக்கிச் சொன்னோம். ஒரு சொல்லுக்கு 40 இலக்கமாக 2,048 சொற்களை அது நினைவில் வைக்கும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் கடுகு போன்ற ஒரு காந்த வளையம்; ஆகவே 81,920 வளையங்கள். வளையத்தின் காந்தம் வலமாகச் சுற்றினால் ஒன்று, இடமாகச் சுற்றினால் பூஜ்யம். வளையங்களின் ஊடே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பிகள் ஓடும். ஒரு குறுக்குக் கம்பியில் பாதி மின்சாரமும், ஒரு நெடுக்குக் கம்பியில் பாதி மின்சாரமும் செலுத்தினால், அவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலுள்ள வளையம் மட்டும் முழு வேகமும் பெற்றுத் திரும்பும், மற்றவை அசையா.

"பாவும் ஊடையும்" என்றார் பெரியவர், படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

மொத்த ஞாபகம் இக்காலக் கணக்கில் வெறும் 10 கிலோபைட். நாம் மேலே சொன்ன ஒரு புகைப்படத்தை வைப்பதற்கு முந்நூறு டிஃப்ராக்குகள் வேண்டும்! அது கட்டி முடிவதற்குள் உலகத்தில் டிரான்ஸிஸ்டர் கணினிகள் வந்துவிட்டன என்பதும் உண்மை. பிறக்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பிறந்ததனால் கிடைத்தது என்ன என்று பார்க்கவேண்டாமா? நரசிம்மன் 1965-இல் தொடங்கிய இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரானார், அரசாங்கத்தின் சி.எம்.சி. ஸ்தாபனத்துக்கும் முதல் தலைவரானார். 1978-இல் ஐ.பி.எம். கம்பெனி இந்தியாவை விட்டுச் சென்றபோது, அதன் யந்திரங்கள் நின்றுபோகாமல் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது சி.எம்.சி. தான். கட்டிப் பார்த்த கைகளுக்குத்தான் பழுது பார்க்கும் தைரியமும் வரும்.

இந்த டிஃப்ராக்கை ஏன் புகைப்படமாக ஒட்டியிருக்கிறோம்? நாமும் நம் மாணவர்களும் அதை அறிவது புகைப்படங்களாலும் எழுத்தினாலுந்தான். 1960-ஆம் வருஷங்களின் நடுவில் வெளிநாட்டுப் பெரிய கணினி வந்து சேர்ந்ததும் அதன் வேலை முடிந்துபோயிற்று.

இதற்கு ஒப்பாக ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். அந்நாட்டின் முதல் கணினியான ஸிஸைராக் 1949 நவம்பரில் ஸிட்னியில் முதல் கணக்கைப் போட்டது. 1955-இல் மெல்போர்ன் நகரத்துக்குப் போயிற்று. 1964-இல் அதை நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் எடைக்குப் போடவில்லை, பொருட்காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள். இன்றும் மெல்போர்னில் அது முழு உருவத்தோடு நிற்கிறது. அது இயங்கவில்லை, ஆயினும் அந்நாட்டுக் குழந்தை ஒன்று அதன் எதிரே நின்று, "இதை நம்மவர்கள் செய்தார்கள்" என்று சொல்ல முடியும்.

நமது குழந்தைகளுக்கு அந்தப் பாக்கியம் எங்கே? கணினி என்பது வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் சரக்கு என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். விலைக்கு வாங்குவதும், பழுதானால் எறிவதும், மறுபடி வாங்குவதுமே நமக்கு விதித்தது என்று எண்ணுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. செய்ததைக் காட்டாவிட்டால், செய்தோம் என்று எப்படி நம்புவார்கள்? பெரிய நிலையங்களைக் குறை கூறவும் நமக்கு யோக்கியதை இல்லை. டிஃப்ராக் காலத்தில் நாம் பிறக்கவில்லை. ஆனால் நமது பள்ளிக்கூடத்தின் முதல் கம்ப்யூட்டரைத் தராசில் ஏற்றியவர் நாமல்லவா?

இப்போது, கடைசியில் சொல்லுவதாகக் கூறிய காரணத்துக்கு வருகிறோம். சென்ற மாதம் மறுபடியும் ஓர் உத்தரவு வந்திருக்கிறது. பயனற்ற பொருள்களைக் கழித்து அறைகளைக் காலி செய்யவேண்டுமாம். அதே வாசகம், அதே ஜாபிதாப் படிவம். பழைய இரும்புக் கடைக்காரரும் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "இந்த அட்டைகளிலே தங்கம் இருக்கும்னு சொல்லுதாங்களே, வாத்தியாரையா" என்று நயமாகப் பேசினார். அவர் சொன்னது பொய்யல்ல. கணினியின் மின்சுற்றுப் பலகைகளில் துளி அளவு தங்கம் உண்டு. அதைவிட அதிகமாக ஈயமும் மற்ற விஷங்களும் உண்டு. தாமிரத்துக்காகக் கம்பிகளைக் கொல்லைப்புறத்தில் கொளுத்தும்போது எழும் புகை, சுற்றியுள்ள குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகும்.

அன்று ஜாபிதா எழுதிய அதே கையால் இம்முறையும் எழுதினோம். உத்தரவில் 'பயனற்ற பொருள்கள்' என்றுதானே இருக்கிறது? ஆகவே முதலில் இருப்புப் பதிவேட்டை எடுத்தோம். கைப்பிடி யந்திரம், துளை அட்டைகள், பி.பி.சி. மைக்ரோ, மடிக்கணினி, நெகிழ்வட்டுகள், ஊசி அச்சு யந்திரம் ஆகிய ஒவ்வொன்றையும் 'கற்பித்தல் துணைக்கருவிகள்' என்ற தலைப்பில் பதிந்தோம். எதிரே, எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு என்றும் குறித்தோம். கைப்பிடி யந்திரத்துக்கு நேரே, 'ஆறாம் வகுப்பு, பெருக்கல்' என்று இருக்கிறது. தலைமையாசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். காகிதம் மேலே போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. நமது அறை நிலைக்குமா, அடுத்த மாதம் பூட்டு மாறுமா என்பதை இதை எழுதும்போது நம்மால் சொல்ல முடியாது.

நேயர்களிடம் நாம் கேட்பது பணமல்ல. எல்லாப் பழைய யந்திரங்களையும் வீட்டில் அடுக்குங்கள் என்றும் சொல்ல வரவில்லை. அப்படிச் செய்தால் இல்லத்தரசிகளின் கோபத்துக்கு நாம் ஆளாக நேரிடும். அது நியாயமான கோபமாகவும் இருக்கும். கழிப்பவற்றை, மின்னணுக் கழிவைச் சுத்திகரிக்க அரசாங்க அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள். ஆனால் போகிக்கு முன்னால் ஒருமுறை பரணில் ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு விதத்திலும் ஒன்றே ஒன்றை நிறுத்தி வையுங்கள். எந்த வருஷம் வாங்கியது, யார் உபயோகித்தது, அதனால் என்ன காரியம் நடந்தது என்று ஒரு சீட்டு எழுதி அதோடு கட்டி வையுங்கள். சீட்டில்லாத யந்திரம் பேசாது. பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்தில் ஓர் அலமாரியின் ஒரு தட்டு கிடைத்தாலும் போதும், அதுவே பொருட்காட்சிசாலை.

நமது துளை அட்டைக் கட்டுக்கு இதுநாள்வரை சீட்டு இல்லாமல் இருந்தது. சென்ற சனிக்கிழமை அந்தத் தறிக்காரரின் பேத்தி எழுதிக் கொண்டுவந்து ஒட்டினாள். கோணல்மாணலான எழுத்து, இரண்டே வரி. அட்டை தறியிலிருந்து கணினிக்கு வந்தது என்று முதல் வரி. இதைச் சொன்னவர் என் தாத்தா என்று இரண்டாவது வரி.

சனிக்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை அறை திறந்திருக்கும். பதில் வரும் வரையிலாவது திறந்திருக்கும். வருகிறவர்கள் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கலாம்.